சரிங்க கேப்டன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு அன்புமணி வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. பீளமேட்டில் பழைய மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் பதினெட்டுக் குடும்பங்கள். எல்லார் வீட்டிலும் டிவி உண்டு. அன்புமணியின் டிவியைவிடப் பெரியதே நாலைந்து உண்டு. ஆனாலும் ‘விண்கலம் நொய்யல்’ பார்க்க இங்கேதான் கூடுவார்கள். டிவியில் தெரிகிற ஆளைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, அங்கே ஒரு தடவை இங்கே ஒரு தடவை பார்த்து, நிஜத்தில் கொஞ்சம் கருப்பு, டிவியில் கொஞ்சம் குண்டு என்று சொல்கிற சுகம் அவரவர் வீட்டில் கிடைக்குமா?

பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். பூமியைவிட்டுப் போன ஒரு கப்பல். ஆற்றில்தான் தண்ணீர் இல்லை, பெயராவது ஓடட்டும் என்று கப்பலுக்கு நொய்யல் என்று பெயர். அதில் ஒரு கேப்டன். வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவார், சண்டை போடுவார், திரும்பி வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நல்ல வார்த்தை நாலு சொல்வார். அவர் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும் பலகை ஒன்று. அந்தப் பலகைக்குப் பின்னால் நீலச் சட்டை போட்டு நிற்பவன் அன்புமணி. இன்ஜினியர். இன்ஜினியருக்குப் பெயர் கிடையாது. ஐம்பத்தொரு வாரமாகக் கப்பலை ஓட்டுகிறவனுக்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

எதிர்வீட்டு ராசாத்தாள் கணக்கு வைத்திருந்தாள். நாற்பத்தாறு தடவை “சரிங்க கேப்டன்”, நாலு தடவை “இன்ஜின் ரெடிங்க கேப்டன்”, ஒரு தடவை இருமல். இருமல் வசனத்தில் இல்லை, புகை தொண்டைக்குள் போய்விட்டது. ஆனால் அதுதான் நன்றாக இருந்தது என்பது ராசாத்தாளின் கருத்து.

அவன் நடிகனானதே அந்தப் புகையால்தான். வேலை என்னவோ பம்புசெட் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். மூடிக் கிடந்த மில் குடோனில் கப்பல் செட் போட்ட முதல் நாளே புகை மெஷின் நின்றுபோக, பக்கத்து லைன் வீட்டில் ஒருத்தன் எதையும் சரிபண்ணுவான் என்று யாரோ சொல்லிக் கூட்டிப் போனார்கள். பத்து நிமிஷத்தில் ஓடவைத்துவிட்டான். ஸ்பேனரைப் பிடித்து அவன் நின்ற தோரணையைப் பார்த்த டைரக்டர், “அப்படியே அங்க நில்லுங்க” என்றார். அன்றிலிருந்து நிற்கிறான்.

கூட நிற்பவர் பஷீர் பாய். கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி போட்டதும் படித்தவர் மாதிரி தெரிந்ததால் கப்பலுக்கு டாக்டர்.

“ஐம்பது வாரமா டாக்டரா நிக்கறேன் தம்பி, ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரல. கேப்டனுக்கு நெஞ்சுல ஈட்டி குத்துச்சே, ஞாபகமிருக்குதுங்களா? நான் பெட்டியத் தூக்கிட்டு ஓடறேன். அதுக்குள்ள அவரே புடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாரு” என்பார் பாய்.

அன்புமணிக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவனுக்குள்ளே ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணம் பதினாலாம் நம்பர்.

பம்புக்கு உதிரிபாகம் எடுத்து அடுக்கிவைப்பார்கள் அல்லவா, அதுமாதிரி தை மாதத்தில் ஒருநாள் பின்னால் நிற்கிறவர்களின் முகங்களைப் படம் பிடித்து அடுக்கினார்கள். இவர்களைத் தினமும் வரவழைத்து, காப்பி கொடுத்து, பவுடர் பூசி, மூன்று நொடி காட்டுவது வெட்டி வேலை என்று மேனேஜர் கண்டுபிடித்திருந்தார். ஆளுக்கு இருபத்திரண்டு முகம். ஒன்றாம் நம்பர், சிவப்பு விளக்கு எரிகிறது. இரண்டு, கேப்டன் கட்டளை போடுகிறார். ஐந்து, பக்கத்துக் கிரகம் வெடித்துவிட்டது. ஒன்பது, அப்பாடா. இனி எந்த வாரத்துக்கு எது வேண்டுமோ எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அதற்குச் சம்மதம் என்று ஆளுக்கு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பஷீர் பாய் இருபத்திரண்டுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டு மதியமே கடைக்குப் போய்விட்டார்.

“பதினாலு” என்றான் அசிஸ்டென்ட், தாளைப் பார்த்து. “கேப்டன் மனசு உருகற மாதிரி ஒண்ணு சொல்றாரு. நீங்க கேட்டுட்டு, ஆமான்னு தலையாட்டறீங்க. கண்ணு கலங்கோணும். கிளிசரின் கொண்டாங்கப்பா!”

“கொஞ்சம் இருங்க” என்றான் அன்புமணி.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். கண் நிறைந்தது. மெல்ல இரண்டு தடவை தலையாட்டினான். செட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டான்.

கதை எழுதுகிற வம்சி, தாடிவைத்த இளைஞன், மானிட்டரைவிட்டு எழுந்து வந்தான். “எப்படிங்ணா? என்னத்த நெனச்சீங்க?”

“எங்கய்யனைங்க.”

அன்றைக்கு டீ கேன் பக்கத்தில் நின்றபடி அவன் சொன்னது வீட்டுக்கு வெளியே அதுவரை யாரும் சொல்லாதது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவன் அப்பா சின்னான் பண்ணைய வேலை. மோட்டார் வேலையும் தெரியும். பண்ணாடி என்று அவர்கள் அழைக்கிற தோட்டத்துக்காரரின் மகளுக்குக் கல்யாணம். காலையிலேயே கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் தண்ணீர் வேண்டுமே? சின்னானைக் கயிற்றில் கட்டித் தொண்ணூறு அடி இறக்கினார்கள். அவர் கீழே மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, பந்தலுக்குக் கயிறு பத்தவில்லை என்று யாரோ கத்த, மேலே நின்றவர்கள் கயிற்றை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தல் கட்டி, சீர் வந்து, தாலி கட்டி, பந்தி நடந்தது. மேளச் சத்தத்தில் கிணற்றுச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் சின்னான் குழாயைப் பிடித்துக்கொண்டே தொண்ணூறு அடியும் ஏறி வந்தார். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்.

“பண்ணாடி என்ன சொன்னாருங்ணா?”

“தண்ணி கம்மியா வருது, என்னன்னு பாருன்னாருங்க.”

வம்சிக்குக் கண்ணில் தண்ணீர். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. “இது உங்க எபிசோடுங்ணா! அம்பத்திரண்டு, ஆண்டு விழா எபிசோடு. கப்பல் நின்னுபோச்சு, எல்லாரும் சாகப் போறாங்க, அப்ப இன்ஜினியர் இதைச் சொல்றாரு. சொல்லிப்போட்டு இன்ஜினுக்குள்ள எறங்கறாரு. இன்ஜினியருக்கு ஒரு பேரு வேணுமில்லீங்ணா?”

அன்புமணி டம்ளரைக் கீழே வைத்தான். “சின்னான்னு வைக்கலாமுங்களா?”

அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பெயரையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று மனைவி இனியா சொல்லியிருக்கிறாள். அப்பா இறந்து ஏழு வருஷம். உயிரோடு இருந்தவரை அந்தக் கிணற்றுப் பேச்சை எடுக்கவிட மாட்டார். மறுநாளும் அதே தோட்டத்துக்குத்தானே போகவேண்டும். அந்த நாள் நடந்தது என்பதற்கு அம்மாவின் ஞாபகத்தையும் இவனுடைய ஞாபகத்தையும் தவிர வேறு சாட்சி கிடையாது. இப்போது ஊர் உலகம் பார்க்கிற டிவியில், அம்மாவை முன்னால் உட்காரவைத்து, அப்பா பெயரைத் தன் வாயால் சொல்லப்போகிறான். அவன் கேட்டது அவ்வளவுதான்.

படம் பிடித்தார்கள், பொய் இல்லை. இரண்டரைப் பக்க வசனம், ஒரே டேக். செட்டே கைதட்டியது.

“கைதட்டல ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. மத்ததெல்லாம் அவங்க எடுத்துக்குவாங்க” என்றார் பஷீர் பாய்.

“உங்களுக்குப் பொறாமைங்க பாய்.”

“இருக்கட்டுமே. டாக்டருக்கு வந்த மொத வியாதி அதுதான்.”

ஐம்பத்திரண்டாம் வாரம். அன்புமணி கம்பெனியில் சொன்னான், தெருவில் சொன்னான், வாட்ஸப்பில் போட்டான், வெள்ளகோவிலில் இருக்கும் மாமனுக்குப் போன் பண்ணினான். முறுக்கு ஒரு தட்டு நிறைய. அவன் அம்மா பழனியாத்தாள் வழக்கமாக இந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. மகன் சரிங்க சரிங்க என்று நிற்பதைப் பார்க்க அவளுக்கு டிவி எதற்கு? ஞாயிறு ஏழரைக்கு அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும். அன்றைக்கு அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

“அம்மா, இன்னிக்கு நீங்க முன்னாடி ஒக்காரோணும்.”

“எனக்கென்ன கண்ணு புரியும் அதுல?”

“இன்னிக்குப் புரியும்ங்க.”

கப்பல் நின்றது. விளக்குகள் அணைந்தன. ராசாத்தாள் முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். எல்லாரும் சாகப்போகிற நேரத்தில் இருட்டிலிருந்து ஒரு குரல். “எங்க ஊர்ல ஒரு கெணறு இருந்துச்சு.”

வரி அன்புமணியுடையது. குரல் கேப்டனுடையது.

கேப்டன் மெதுவாக வெளிச்சத்துக்கு வந்தார். தொண்ணூறு அடிக் கிணறு, கல்யாணம், உருவப்பட்ட கயிறு, எல்லாம் ஒரு சொல் மாறாமல் வந்தது. “கெணத்துக்குள்ள ஒருத்தன் இருந்தான். அவன் பேரு சின்னான். எங்க தோட்டத்து ஆளு.”

“கண்ணு! உன்ற அய்யன் பேரச் சொல்றாங்க, டிவில!” பழனியாத்தாளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பக்கத்தில் இருந்த ராசாத்தாளின் தொடையில் தட்டினாள். “எங்கூட்டுக்காரரு பேருங்க.”

கேப்டன் தொடர்ந்தார். அவருடைய அப்பா மணமகளின் தகப்பன். தாலி கட்டுகிற நேரத்தில் சின்னானைக் காணோமே என்று அவருக்குப் பொறி தட்டியதாம். பட்டு வேட்டியோடு ஓடினாராம். குழாயைப் பிடித்துத் தொண்ணூறு அடி இறங்கினாராம். சின்னானை முதுகில் சுமந்து மேலே கொண்டு வந்தாராம். அவருடைய உள்ளங்கையில் தோல் இல்லையாம். “சின்னான் எங்கப்பா கால்ல விழுந்து அழுதான். அன்னிக்குத்தான் ஒரு தலைவன்னா யாருன்னு நான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார் கேப்டன்.

இசை. அதற்கு மேல் ஒரு முகம். கண் நிறைந்து, மெல்ல இரண்டு தடவை தலையாட்டுகிற முகம்.

பதினாலாம் நம்பர்.

கேப்டன் சொன்னதெல்லாம் சத்தியம் என்று இன்ஜினியர் சாட்சி சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை; இன்ஜினுக்குள் இறங்கியது கேப்டன்தான்.

“அட, என்னமா அழுவறாரு பாரு தம்பி!” ராசாத்தாள் கையைத் தட்டினாள். “நெம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. ஒரு வசனமில்லாம எல்லாருத்தையும் தூக்கிச் சாப்ட்டுட்டே!” கூட்டமும் தட்டியது. வெள்ளகோவில் மாமன் அதற்குள் கட்டைவிரல் ஒன்றை அனுப்பியிருந்தார்.

பழனியாத்தாள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சோப்பு விளம்பரம் ஓடியது.

“ஏங்கண்ணு, அய்யனை ஆரும் தூக்கலியே. அவராத்தான கொழாயப் புடிச்சு ஏறி வந்தாரு. நாந்தான கைக்கு மஞ்ச பத்துப் போட்டேன்.”

“ஆமாங்கம்மா.”

“அப்பறம் நீ ஏஞ்சாமி ஆமா ஆமான்னு தலையாட்டுன?”

என்னவென்று சொல்வான்? அது தை மாசம் எடுத்ததுங்கம்மா, அது அய்யனுக்காக அழுததுங்கம்மா, அதை வெட்டி இதில் ஒட்டிவிட்டார்கள் என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? அவனுக்கே புரியவில்லை. அவள் எல்லாருடைய டம்ளர்களையும் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மில் குடோனுக்குப் போனான். வம்சி அவனைக் கண்டதும் எழுந்து நின்றான்; மரியாதைக்கெல்லாம் குறைச்சல் இல்லை.

“கேப்டன் சார் எடிட்டிங்ல பாத்துட்டாருங்ணா. ஆண்டு விழாவுல இன்ஜினியர் பேசுனா ஆர் பாப்பாங்கன்னு கேட்டாரு. சேனல்லயும் சொன்னாங்க, ஆளைக் கெணத்துல உட்டுட்டு பந்தில ஒக்காந்தாங்கன்னா பாக்கறவங்க கொஞ்சப் பேருக்குச் சங்கடமாயிருமாம். திருப்பி எடுத்தோம். சொல்லோணும்னுதானுங்ணா இருந்தேன்.” தாடியைத் தடவிக்கொண்டு, “ஆனா பேரை நான் உடலீங்ணா. சண்டை போட்டு வெச்சேன். அப்பா பேரு வந்துச்சில்ல?” என்றான்.

“நான் இனி வரலீங்க.”

அதைச் சொல்ல அவன் இரவெல்லாம் பழகியிருந்தான். சத்தமாகச் சொல்வதாகத்தான் எண்ணம். மேனேஜர் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னார். “பரவால்லீங்க. இருபத்திரண்டு இருக்குது, போதும்.”

“அதை அழிச்சிருங்க.”

“நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?”

வம்சி அவன் தோளைத் தொட்டான். “கோவிச்சுக்காதீங்ணா. நல்ல சேதியும் இருக்குது. சின்னான் கேரக்டர் நெம்ப எடுபட்டிருச்சு. அடுத்த வாரத்துல இருந்து இன்ஜினியருக்குப் பேரு வெக்கறோம். கெணத்துல காப்பாத்துன சின்னானோட மகன், அவனுக்கும் அதே பேரு. கேப்டன் குடும்பம்னா உசுரையே குடுப்பான். நீங்க கேட்ட பேருதானுங்ணா!”

“வேண்டாமுங்க. அந்தப் பேரு வேண்டாமுங்க.”

“எழுதியாச்சுங்ணா.”

அன்புமணி திரும்பி நடந்தான். வாசல்வரை போய்விட்டான். அங்கே புகை மெஷின் கர் கர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. “ஏனுங்க அன்பு,” பின்னாலிருந்து மேனேஜர், “போறதுக்கு முன்னால சித்த அதைப் பாத்துட்டுப் போயிருங்களே. புகை கம்மியா வருது.”

பஷீர் பாய் டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். அடுத்து நடந்ததை அவர் தன் கடைக்கு வருகிறவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், சொல்லும்போது சிரிப்பதில்லை. அன்புமணி குத்தவைத்து உட்கார்ந்து மூடியைக் கழற்றினான். அடைப்பை எடுத்தான். புகை நன்றாக வந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு இருபதுக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. இந்த வாரம் இன்ஜினியருக்குப் பெயர் வருகிறது என்று சேனல் விளம்பரமே போட்டிருந்தது. “டிவி ரிப்பேருன்னு சொல்லிரட்டுங்களா?” என்று இனியா காதோடு கேட்டாள். வீடு தேடி வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். வந்தவர்களுக்கு முறுக்குக்கூடக் கொடுத்தான்.

அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம். பழனியாத்தாளை யாரும் முன்னால் உட்காரச் சொல்லவில்லை.

தோட்டத்துக் காலத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு புல்லட் வந்து நிற்கும். பண்ணாடி வண்டியைவிட்டு இறங்க மாட்டார், அணைக்கவும் மாட்டார். “சின்னான்!” என்று ஒரே ஒரு சத்தம். ஆள் இருந்தால் ஓடிவர வேண்டும். இல்லையென்றால் பழனியாத்தாள் உள்ளே இருந்தே பதில் சொல்லவேண்டும். இருபத்தாறு வருஷம் தினமும் நடந்தது இது. வம்சியிடம் அன்புமணி இதைச் சொல்லவில்லை. கதையில் சேர்க்கிற அளவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாக அவனுக்குத் தோன்றவில்லை.

டிவியில் ஏதோ கிரகம் நெருப்பாகச் சுழன்றது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இன்ஜின் தடதடவென்று உறுமியது. கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினார்.

“சின்னான்! அந்த இன்ஜினைப் பாரு!”

நீலச் சட்டை முகம், இரண்டாம் நம்பர், நிமிர்ந்தது. “சரிங்க கேப்டன்” என்று யாருடைய குரலோ பேசியது. கூட்டம் ஓவென்று கத்தியது. “பேரு வந்துருச்சு, பேரு வந்துருச்சு!” என்று ராசாத்தாள் அன்புமணியின் முதுகில் தட்டினாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“அவரு இல்லீங்க பண்ணாடி” என்று உள்ளே இருந்து பழனியாத்தாளின் குரல் வந்தது. அவசரமாக, மேல்மூச்சு வாங்க. “தண்ணி கட்டப் போயிருக்காருங்க. வந்ததும் அனுப்பி உடறேனுங்க.”

ஈரக்கையோடு கதவருகே வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைக்க எடுத்தவள் துடைக்காமல் அப்படியே நின்றாள். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அன்புமணி எழுந்தான், எழுந்தவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

டிவியில் அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.